சிலுவைதாசன் பெயரில் ஒரு டிக்கெட்

நவம்பர் 1, சனி

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நோட்டு பயிற்சிக் குறிப்புகளுக்காகச் சென்னை அலுவலகத்தில் கொடுத்தது. சொந்தக் கதை எழுதக் கொடுத்ததல்ல. அதனால் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முன்பக்கம் அலுவலகத்துக்கு.

இத்தாலியில் ஒரு துறைமுக ஊர். கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்களை எங்கே அடுக்குவது என்று சொல்லும் மென்பொருளில் எனக்கு மூன்று வாரப் பயிற்சி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். விடுதி அறை மூன்றாம் மாடியில். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கடல் தெரிகிறது. பெட்டியில் நெத்திலிக் கருவாட்டை நான்கு உறை போட்டுக் கட்டியிருந்தேன். இருந்தும் அறை முழுக்க மணக்கிறது.

அண்ணன் சாஜின் செய்தி அனுப்பியிருந்தான்: "பெனி, போன எடத்துல ஒரு மேட்சாவது பாத்துட்டு வா. இல்லன்னா ஊருக்குள்ள ஏறாத."

குமரிக் கடற்கரையில் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அப்பா ஊர் அணியின் கோல்கீப்பர்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். இங்கேயும் பேருந்தில் எல்லோர் மடியிலும் செவ்வந்திப் பூ. ஒரு கிழவர் பூந்தொட்டிக்குத் தனி இருக்கை பிடித்து வைத்திருந்தார்.

ஊரில் எல்லோரும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போவார்கள். எங்கள் வீட்டுக் கதவு மட்டும் மூடியிருக்கும். அம்மா உள்ளேயே இருப்பாள். அப்பா ஏழு வருடத்துக்கு முன் ஐந்து பேரோடு ஆழ்கடலுக்குப் போனார். புயல் வந்தது. ஒருவரும் திரும்பவில்லை, ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. மற்ற ஐந்து வீட்டிலும் இறந்தவர் பூசை வைத்து, பெயர் எழுதிச் சிலுவை நட்டுவிட்டார்கள். அம்மா சம்மதிக்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பயிற்சி தொடங்கியது. வருகைப் பதிவில் என்னை "சிலுவைதாசன்" என்று கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், பெனிட்டா பின்னால். முதலில் இருப்பதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். திருத்தலாம் என்று எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு வருடமாக அந்தப் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கே தினமும் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார்கள். நான் கை தூக்குகிறேன்.

நவம்பர் 5, புதன்

விடுதிக்குக் கீழே சிகரெட், பேருந்துச் சீட்டு, லாட்டரி விற்கும் கடை. மேட்ச் டிக்கெட்டும் அங்கேதான். இந்த ஊரில் இரண்டு அணிகள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. இருவருக்கும் ஒரே மைதானம், வாரம் மாற்றி வாரம். டிக்கெட்டில் பெயரும் பிறந்த தேதியும் அச்சாகும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வாய் திறக்கத் தேவையில்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கு அது நிம்மதி.

தாளில் இரண்டு வரி. முதல் வரியில் என் பெயர் எழுதினேன். இரண்டாம் வரியில் அப்பா பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்தப் படிவத்தையும் அப்படித்தான் நிரப்பியிருக்கிறேன், கை தானாகப் போய்விட்டது. இரண்டாம் வரி கூட வரும் இன்னொரு ஆளுக்கு என்று எனக்குத் தெரியாது.

கடைக்காரப் பெண் தட்டினாள். இரண்டு டிக்கெட் வெளியே வந்தன.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்திலதான், பிள்ளை. அப்பாவும் மகளும் சேர்ந்திருந்து பாருங்கோ."

தமிழ். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிறீர்? தாசன் எண்டு முடிஞ்சா வேற ஆராம்? நான் தவமலர். யாழ்ப்பாணம். இஞ்ச வந்து பதினஞ்சு வருசம்."

தவறு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

சாஜினுக்கு 27ஆம் தேதி கல்யாணம். பெண் லிஜி, பக்கத்து ஊர். அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகன் இன்னாரை மணக்கப் போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சாமியார் வாசிப்பார். அப்பா பெயருக்கு முன்னால் "மறைந்த" என்று சேர்க்க வேண்டுமா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள்.

அம்மா போனில் பேசினாள்.

"எதுக்குச் சேக்கணும்? புயல் வரும்னு மெசேஜ் வந்திருந்தா அவரு போயிருக்கவே மாட்டாரு. நீ வாசிச்சுப் பாத்து ஒண்ணும் இல்லன்னுதானே சொன்ன? அப்போ அவரு போன பக்கம் காத்து இல்ல. படகு தெக்கே தள்ளிப் போயிருக்கும். வேற நாட்டுல கரை ஏறியிருப்பாரு. அங்கயும் துறைமுகம்தானே மக்களே? ஒண்ணு பாரு."

"பாக்குதேன் அம்ம."

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. கடலுக்குப் போகும் முன் போனை என்னிடம் நீட்டி "வாசி மக்களே" என்பார். நான் வாசித்துச் சொல்வேன். அன்று மெசேஜ் எதுவும் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. "மறைந்த" சேர்க்கவில்லை. கோயிலில் எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்களாம். அம்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாளாம்.

இங்கே மாலை மூன்று மணிக்குச் சிவப்பு அணியின் ஆட்டம். இரண்டு இருபத்தைந்துக்கு உள்ளே போனேன். என் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டினேன். மற்ற டிக்கெட் பைக்குள்ளேயே இருந்தது. எனக்கு 14ஆம் இருக்கை. 15 காலி.

இங்குள்ள இருக்கைகளில் ஆள் உட்காராவிட்டால் பலகை தானாக மேலே மடங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது 15 மடங்கியிருந்தது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது என்று கவனிக்கவில்லை, பலகை கீழே இறங்கியிருந்தது. ஸ்பிரிங் பழுதாக இருக்கும்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் திரும்பிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். இரண்டு எடுத்துக்கொண்டேன். பிறகு 15ஆம் இருக்கையின் பக்கமும் நீட்டினார். கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தார். தலையசைத்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சிவப்பு அணி தோற்றது.

நவம்பர் 10, திங்கள்

பயன்படுத்தாத டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். தவமலர் அக்கா அதை இயந்திரத்தில் காட்டினார்.

"இது எடுக்கேலாது, பிள்ளை. ஆள் உள்ளுக்குப் போயிட்டார் எண்டு காட்டுது. ரெண்டு நாப்பதுக்கு."

"என் பையிலதான் இருந்தது அக்கா. யாரும் வரல்ல."

"அப்ப மெசின் பிழை." டிக்கெட்டைத் திருப்பித் தரும்போது அதிலிருந்த பெயரை இன்னொரு முறை வாசித்தார். "உம்மட அப்பா எங்க தங்கியிருக்கிறார்?"

"கடல்ல."

"கப்பலிலயோ?"

நான் தலையசைத்தேன். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

துணி துவைத்தேன். ஈரமாகவே இருக்கின்றன. கடல் காற்று.

நவம்பர் 13, வியாழன்

நீல அணி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினேன். மறுபடியும் இரண்டு வரி எழுதினேன். இந்த முறை தெரிந்தேதான்.

இரண்டாம் வரியில் பிறந்த தேதியும் கேட்டிருந்தது. போன வாரமும் கேட்டிருந்தது. ஊரில் நான் நிரப்பிய எந்தப் படிவமும் தகப்பன் பிறந்த தேதியைக் கேட்டதில்லை. இருந்தும் போன வாரம் எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் அன்று கை தானாகப் போனதல்ல. அதைப் பற்றி இதற்குமேல் எழுத வரவில்லை.

அன்றைக்கு மெசேஜ் வந்ததா என்றும் நான் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் பரீட்சை. அவர் போனை நீட்டினார். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாம் ஓலையும் அப்படியே வாசித்தார்கள்.

மைதானத்தில் இன்று 15ஆம் இருக்கை நான் போகும்போதே இறங்கியிருந்தது. போன வாரம் உட்கார்ந்த அதே இடம் இந்த வாரமும் கிடைத்ததை முதலில் நான் யோசிக்கவில்லை. தவமலர் அக்காவே பார்த்துப் போட்டிருப்பார்.

முதல் பாதியில் அம்மா அழைத்தாள். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று சொல்ல எடுத்தேன். அதே நேரம் நீல அணியின் கோல்கீப்பர் வலைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றார். எதிரணி ஆள் பந்தோடு வந்துகொண்டிருந்தான்.

"ஏறி நில்லு லே" என்று ஒரு குரல் கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆரு மக்களே அது?" என்றாள் அம்மா.

"கூட்டம் அம்ம."

"கூட்டம் இல்ல. ஏறி நில்லு லேன்னு ஒருத்தரு சொன்னாரு. எனக்கு அந்தத் தொண்டை தெரியாதா?"

"இங்க ஆருக்கும் தமிழ் தெரியாது அம்ம."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அதற்குள் கோல் விழுந்துவிட்டது. மைதானமே எழுந்து கத்தியது. போன் கட்டாகிவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

சாஜின் வேலைநேரத்தில் அழைத்தான். அவன் அப்படி அழைப்பதில்லை.

"பெனி, அம்மைக்கு நீ என்னத்த கேக்க வச்ச?"

"நான் ஒண்ணும் செய்யல்ல."

"அப்பா அங்க இருக்காராம். நீ கூட்டிட்டு வரப்போறியாம். தெரு முழுக்கச் சொல்லிட்டு நடக்கா. நேத்து அப்பாவுக்க வெள்ளைச் சட்டைய எடுத்துக் கஞ்சி போட்டாச்சு. சிரிக்கவா, அழவா நான்?"

நான் பயிற்சி அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"லிஜிக்க அப்பன் காலையில வந்தாரு. உயிரோட இருந்தா கொண்டுவந்து நிறுத்து, இல்லன்னா பூசை வச்சு முடி, ரெண்டும் இல்லாத வீட்டுக்கு என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டுப் போறாரு. மூணாம் ஓலையில மறைந்தன்னு வாசிக்கல்லன்னா கல்யாணம் இல்ல. கேட்டியா?"

"கேட்டேன்."

"அம்மை நாங்க சொன்னா கேக்க மாட்டா. அந்த மெசேஜ் வரல்லங்கிறத முறுக்கிப் பிடிச்சிட்டு நிக்கா. அது சொன்னது நீ. நீதான் பேசணும். சனிக்கிழமைக்குள்ள."

அவனுக்கு முப்பத்தொரு வயது. லிஜிக்காக நான்கு வருடம் காத்திருக்கிறான். ஒரு தடவைகூட என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. இன்றும் கோபமாகப் பேசவில்லை. கடைசியில் குரல் உடைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டதும் நான் கை தூக்க மறந்துவிட்டேன். பயிற்சியாளர் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மாலையில் பார்த்தேன். "வந்திருக்கிறார்" என்றுதான் குறித்திருந்தார்.

நவம்பர் 20, வியாழன்

சனிக்கிழமை சிவப்பு அணி ஆட்டம். கடையில் தாளை நீட்டினேன். தவமலர் அக்கா இரண்டாம் வரியில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

"பிள்ளை, ஆள் இல்லை, என்ன?"

நான் பணத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எங்கட வீட்டிலயும் ஒராள் அரிசி, சீனி வாங்கிற கூப்பன் மட்டையில மட்டும்தான் இருக்கிறார். என்ர மனுசன். காணாமப் போய்ப் பதினாறு வருசம். பேரை வெட்டச் சொல்லி எத்தினையோ தரம் கேட்டுட்டாங்கள், நான் விடேல்ல." டிக்கெட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார். "ஆனா நான் எங்கயும் டிக்கெட் எடுத்துக் கூப்பிடேல்ல. நீர் கூப்பிடுறீர்."

அறைக்கு வந்து அழவில்லை. சோறு வைத்தேன், கருவாடு பொரித்தேன், சாப்பிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

மெசேஜ் வந்திருந்தது. அவர் போனை நீட்டியபோதே திரையில் தெரிந்தது. பெரிய எழுத்தில், தமிழில், மீன்துறையிலிருந்து. முதல் வார்த்தை "எச்சரிக்கை". தினமும் ஏதாவது எச்சரிக்கை வரும், காற்று வரும், போய்விடும். முழுதும் வாசித்தால் அவர் இருந்துவிடுவார். வீட்டிலிருந்தால் டிவி போடுவார், ஆட்டம் பார்த்துச் சத்தம் போடுவார். எனக்குப் பரீட்சை. "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். ஆழ்கடலில் சிக்னல் கிடைக்காது என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். கோயில் மைக்கில் புயல் என்று அறிவித்தபோது படகு முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தது.

மறுநாள் பரீட்சை எழுதிவிட்டு வந்து மெசேஜை முழுதும் வாசித்தேன். பிறகு அழித்தேன். எண்பத்தெட்டு மதிப்பெண் கிடைத்தது.

நவம்பர் 22, சனி

நான்கரை மணிக்குச் சாயும் வெயில். மலைச்சரிவு வீடுகளின் மாடங்களில் ஆட்கள் நாற்காலி போட்டு ஆட்டத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலைப் பெரியவர் இன்று எங்களைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார், முதலில் பக்கத்து இருக்கைக்கு, பிறகு எனக்கு.

இடைவேளையில் அம்மாவை அழைத்தேன்.

"அம்ம, அண்ணைக்கு மெசேஜ் வந்தது."

"எண்ணைக்கு?"

"அப்பா போன அண்ணைக்கு. புயல்னு போட்டிருந்தது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

அவள் மூச்சு கேட்டது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"அந்த மெசேஜ் எங்க?"

"அழிச்சிட்டேன்."

"அவரு போன பக்கம் காத்து இருந்துதா?"

"அந்தப் பக்கம்தான் அம்ம. அந்தப் பக்கத்துப் பேரு போட்டிருந்தது."

ஏழு வருடமாக அவள் தெற்கே தள்ளிக்கொண்டு போன படகை நான் அந்த ஒரு வரியில் மூழ்கடித்தேன். அவள் அழவில்லை. ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது பேசுகிற குரலில் கேட்டாள்:

"இப்ப உனக்க பக்கத்துல ஆரு இருக்கா?"

நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையின் முதுகில் எங்கள் நிழல் நீளமாக விழுந்திருந்தது.

"ஆரும் இல்ல அம்ம."

"செரி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மேலே "எங்கள் நிழல்" என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

சாஜின் குரல்பதிவு அனுப்பியிருந்தான். பின்னணியில் கோயில் மணி.

"வாசிச்சாச்சு பெனி. மறைந்த சிலுவைதாசன், மரிய ரோஸ்லி இவங்க மகன் சாஜின்னு. அம்மை முழுசும் நின்னு கேட்டா. பூசை முடிஞ்சு அவளே சாமியாருகிட்டப் போயி புதன்கிழமை அப்பாவுக்குப் பூசை குடுத்துட்டா. லிஜிக்க அப்பன் வந்து அவ கையப் பிடிச்சாரு." மணிச் சத்தம் தள்ளிப் போனது. "உன்கிட்ட இப்ப பேச மாட்டா. அந்தப் பேச்ச எடுத்தாலே எழும்பிப் போறா. எனக்கும்... எனக்கும் என்ன சொல்லன்னு தெரியல்ல. நீ வா. வந்துரு."

மூன்று முறை கேட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

மாலை விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. பயிற்சிச் சான்றிதழை மட்டும் இரண்டாம் முறை அச்சடித்துத் தந்தார்கள். முதல் தாளில் ஒரே பெயர்தான் இருந்தது, அது என் பெயர் இல்லை. அதை நான் திருப்பிக் கொடுத்தேன். வாய் திறந்து, எழுந்து நின்று சொன்னேன்.

கடைக்குப் போனேன். முதல் வரியில் அப்பா பெயரை எழுதினேன். இரண்டாம் வரியில் கோடு போட்டேன்.

"உமக்கு?" என்றார் தவமலர் அக்கா.

"நான் போறேன் அக்கா. வர்ற ஞாயிறு ஆட்டத்துக்கு இது ஒண்ணு போதும்."

"நீலம்தான் விளையாடுது. நீலம் பிடிக்குமோ அவருக்கு?"

"கோல்கீப்பர் ஏறி நிக்க மாட்டேங்கான்னு திட்டுவாரு. ஆனா பாப்பாரு."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி டிக்கெட்டை அச்சடித்தார். "வாசலுக்குப் பக்கத்தில, இந்தக் கண்ணாடியில ஒட்டி விடுறன். போய் வாரும் பிள்ளை."

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டின் முன்பக்கத்துக் குறிப்புகள் இன்னும் மூன்று தாளில் இந்தப் பக்கத்தோடு மோதிவிடும். அதற்குள் கேட்டுவிட வேண்டும். மூன்று ஆட்டத்திலும் பக்கத்திலேயே இருந்தும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பா, உங்களை நான்தான் கூப்பிட்டேன். நீங்கள் வந்தீர்கள். கோபிக்கவும் இல்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அதில் ஒரு சொல் மட்டும் பொய். நீங்கள் வந்து முற்றத்தில் நின்று ஒரு தடவை இருமினால் போதும், அவள் கதவைத் திறந்துவிடுவாள். புதன்கிழமைப் பூசை நடக்காது. லிஜியை அவள் வீட்டார் அனுப்ப மாட்டார்கள். சாஜின் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டான், அதுதான் எனக்குப் பயம்.

விமானத்துக்கு அழைக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். நான்தான் எழுந்திருக்க வேண்டும், நீங்கள் இல்லை. வியாழக்கிழமை உங்கள் மகனுக்குக் கல்யாணம்.

நீங்கள் வர வேண்டாம், அப்பா.